ஓடு பிரித்தபோது பரணில் இரண்டு மரநாய்க் குட்டிகள், என்ன செய்வது? (புளியரை)

புளியரை முத்து
ஜூன் 9, இரவு 7.50

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம், நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

சாரல் பிடிப்பதற்குள் ஓடு மாற்றிவிடலாம் என்று இன்று காலை ஆள் வைத்தேன். அப்பா காலத்து வீடு, சீமை ஓடு, ரீப்பரில் பாதி உளுத்துப்போய்விட்டது. பதினொரு மணி வாக்கில் சமையலறைக்கு மேலே பரண் பக்கம் ஓட்டை எடுத்ததும் ஒரு மரநாய் சீறிக்கொண்டு வெளியே பாய்ந்து பக்கத்து வீட்டுப் பலாவுக்குத் தாவிவிட்டது. உள்ளே பழைய சாக்கின் மேல் இரண்டு குட்டிகள். ஒவ்வொன்றும் ஒரு உள்ளங்கை நீளம்தான். பெரியதற்குக் கண் பாதி திறந்திருக்கிறது, சின்னதற்கு இன்னும் மூடியே இருக்கிறது.

ஓடு பிரித்த பையன் எடுத்துக் கீழே கொடுத்தான். பிளாஸ்டிக் கூடையில் துணி விரித்து வைத்திருக்கிறோம். மதியத்திலிருந்து இங்க் பில்லரில் பசும்பால் கொடுக்கிறோம். பெரியது குடிக்கிறது. சின்னது வாயை இறுக்கிக்கொள்கிறது, ஒருமுறை மூக்கு வழியாகப் பால் வந்துவிட்டது. என் மகள் இரண்டுக்கும் பெயரே வைத்துவிட்டாள்.

வனத்துறை நம்பருக்கு நான்கு முறை அடித்தேன், எடுக்க ஆளில்லை. வளர்க்கலாமா, மலைப்பக்கம் கொண்டுபோய் விட்டுவிடலாமா? பாலில் எவ்வளவு தண்ணீர் கலக்க வேண்டும்? ஓடு பிரித்த பையனைத் தாய் மரநாய் கையில் லேசாகக் கீறிவிட்டது, மஞ்சள் வைத்து அனுப்பினோம்.

செங்கோட்டை சாரல்
ஜூன் 9, இரவு 8.02

அண்ணாச்சி, போட்டோ போடுங்கள். எங்கள் சித்தி வீட்டில் அணில்பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து கொடுத்தார்கள், பிழைத்துக்கொண்டது.

கால்நடை ஓய்வு
ஜூன் 9, இரவு 8.15

முத்து, கடைசி வரியில் எழுதியதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். குட்டி இருக்கட்டும், அந்தப் பையன் எங்கே? இப்போதே கூப்பிட்டு, ஓடுகிற தண்ணீரில் சோப்பு போட்டுக் காயத்தைப் பதினைந்து நிமிடம் கழுவச் சொல்லுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். இன்றிரவே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். காட்டு மிருகத்தின் பல்லோ நகமோ பட்டு ரத்தம் எட்டிப் பார்த்திருந்தால் வெறிநோய்த் தடுப்பூசி போட்டே ஆக வேண்டும். முதல் ஊசி போடும் நாள் பூஜ்யம், பிறகு 3, 7, 28 என்று நாள் கணக்கு. கூடவே காயத்தைச் சுற்றிப் போடும் ஊசியும் தேவையா என்று டாக்டர் பார்த்துச் சொல்வார். ரேபிஸ் குறி காட்டிவிட்டால் அப்புறம் மருந்து கிடையாது. நாய் கடித்தால் ஓடுகிறோம், மரநாய் கீறினால் மஞ்சள் வைக்கிறோம். நாற்பது வருடமாக இதைத்தான் பார்க்கிறேன்.

இனி குட்டிகள். பாலை நிறுத்துங்கள். தண்ணீர் கலந்தாலும் கலக்காவிட்டாலும் பசும்பால் அதன் வயிற்றுக்கு ஒத்துவராது. வயிறு உப்பும், கழிச்சல் வரும். சின்னதற்கு மூக்கில் பால் வந்தது என்கிறீர்கள், அது நுரையீரலுக்குள் கொஞ்சம் போயிருக்கும். அதற்கு இப்போது சொட்டுக்கூடக் கொடுக்காதீர்கள்.

குட்டி எதுவானாலும் வரிசை ஒன்றுதான். முதலில் சூடு, பிறகு நீர், கடைசியில்தான் பால். உடம்பு சில்லிட்டிருக்கும்போது குடல் வேலை செய்யாது, உள்ளே போன பால் அங்கேயே கெட்டுப்போகும். வயிற்றடியில் விரலை வைத்துப் பாருங்கள். உங்கள் விரலைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் வேறு எதைப்பற்றியும் யோசிக்க வேண்டாம். அரை லிட்டர் பாட்டிலில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பி, பழைய சாக்ஸுக்குள் நுழைத்து, குட்டிகளுக்கு ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும்.

ஆரியங்காவு அக்கா
ஜூன் 9, இரவு 8.31

தம்பி, தாய் பலாவில்தானே இருக்கிறாள்? அப்படியானால் இது அநாதைக் குட்டி இல்லை, நீங்கள் எடுத்துக்கொண்ட குட்டி. இன்று ராத்திரியே திருப்பி வைத்துவிடுங்கள்.

எங்கள் பக்கம் இதை மரப்பட்டி என்பார்கள். போன வருடம் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் அறையில் மூன்று குட்டி போட்டிருந்தது. வேலையாட்கள் தெரியாமல் ஷீட்டோடு சேர்த்து இழுத்துவிட்டார்கள். அதே மூலையில் கூடையை வைத்து விளக்கை அணைத்துவிட்டு வந்தோம். இரண்டு ராத்திரியில் மூன்றையும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பூனை மாதிரிதான், பிடரியைக் கவ்வி ஒவ்வொன்றாக. எங்கே கொண்டுபோனாள் என்று இதுவரை தெரியாது.

புளியரை முத்து
ஜூன் 9, இரவு 8.48

பையனைத் தம்பியோடு பைக்கில் தென்காசிக்கு அனுப்பிவிட்டேன் டாக்டர் ஐயா. எனக்கு உறைக்கவே இல்லை.

அக்கா, திருப்பி வைக்கலாம், ஆனால் பரண் மேல் ஓடே இல்லை, தார்ப்பாய்தான். மேற்கே கறுத்துக்கொண்டு நிற்கிறது, எப்படியும் சாரல் அடிக்கும். அது போக, இத்தனை பேர் கையில் எடுத்துவிட்டோம். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்கிறார்களே?

தோட்டத்து வீடு
ஜூன் 9, இரவு 8.55

சேர்க்காது. இது தெரிந்த விஷயம். திருப்பி வைத்தால் காலையில் எறும்பு மொய்த்துக் கிடக்கும், இல்லாவிட்டால் பூனை தின்றிருக்கும். நான் எத்தனையோ குஞ்சுகளை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். இப்போதும் ஒரு மைனா என் தோளில்தான் உட்கார்ந்திருக்கிறது, ஒன்பது வருடம் ஆகிறது. சட்டம் பேசுகிறவர்கள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பால் கொடுக்க வருவார்களா? முத்து, மனசு இருந்தால் வளர்த்துவிடலாம்.

கால்நடை ஓய்வு
ஜூன் 9, இரவு 9.10

தோட்டத்து வீட்டார் மனசை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கை பட்டால் சேர்க்காது என்பது தவறு. பறவைகளில் பெரும்பாலானவை வாசனையை வைத்துக் குஞ்சைத் தள்ளுவதில்லை. பாலூட்டிகளுக்கு மூக்குக் கூர்மைதான், ஆனால் பத்து நாள் பால் கொடுத்த குட்டியை நம் வாசத்துக்காக விட்டுவிடாது. மகாராஷ்டிராவில் ஜுன்னார் பக்கம் கரும்பு வெட்டும்போது சிறுத்தைக் குட்டிகள் அடிக்கடி அகப்படும். வனத்துறையும் மீட்புக் குழுவும் அதே வயலில் பெட்டிக்குள் வைத்து ஒதுங்கி நிற்பார்கள். இருட்டியதும் தாய் வந்து கவ்விக்கொண்டு போவதைக் கேமராவில் பலமுறை எடுத்திருக்கிறார்கள். சிறுத்தை சேர்க்கும்போது மரநாயா சேர்க்காது?

இப்போது செய்ய வேண்டியது. உங்கள் வீட்டில் பனையோலைப் பெட்டி இருக்குமே, அது போதும். பரணில் இருந்த அதே சாக்கைக் கீழே விரியுங்கள், துவைக்காதீர்கள். அதில் அவள் வாசம் இருக்கிறது. குட்டி ஏறி வெளியே விழாத உயரம், தாய் தலையை விட்டு எடுக்கிற அகலம். வெந்நீர் பாட்டில் அடியில். பழைய இடத்துக்கு எவ்வளவு பக்கமாக முடியுமோ அவ்வளவு பக்கம், தரையில் வேண்டாம். தார்ப்பாயைப் பெட்டிக்கு மேல் கூரை மாதிரி இழுத்துக் கட்டுங்கள், பலாப் பக்கத்தை மட்டும் திறந்து விடுங்கள், அவள் போன வழி அது. நாயைக் கட்டிப்போடுங்கள். வீட்டு விளக்கு எல்லாம் அணைய வேண்டும். முக்கியமாக, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்கக் கூடாது.

லாரிக்காரன் 744
ஜூன் 9, இரவு 9.22

ஒரு சந்தேகம், இழையைத் திசை திருப்புவதாக நினைக்க வேண்டாம். போன மாதம் ஆரியங்காவு தாண்டி வளைவில் ஒரு கூகை ரோட்டில் உட்கார்ந்திருந்தது. ஒரு இறக்கை தொங்கியது. முன்னால் போன வண்டியில் அடிபட்டிருக்க வேண்டும். கேபினில் அட்டைப்பெட்டிக்குள் போட்டுச் செங்கோட்டைக்கே கொண்டுவந்துவிட்டேன். தண்ணீர் ஊற்றினேன். விடிவதற்குள் செத்துவிட்டது. செக்போஸ்டில் பார்த்திருந்தால் கேஸ் ஆகியிருக்கும் என்று கிளீனர் பயமுறுத்தினான். உண்மையா?

பழைய வாட்சர்
ஜூன் 9, இரவு 9.40

ஆகியிருக்கலாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு உயிர் அரசாங்கச் சொத்து. கையில் வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ சொல்லியாக வேண்டும். செத்தாலும் அதேதான், உடலையும் நீங்களாகப் புதைக்கக் கூடாது. அடிபட்டதை எடுத்ததற்கு யாரும் தூக்கில் போடமாட்டார்கள், ஆனால் சொல்லாமல் வைத்திருப்பதும் எல்லை தாண்டிக் கொண்டுபோவதும் வேறு விஷயம்.

எல்லைக்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எந்தப் பக்கம் கிடைத்ததோ அந்தப் பக்கத்து ரேஞ்ச் ஆபீஸில் கொடுங்கள். ஆரியங்காவில் கிடைத்தால் ஆரியங்காவிலேயே. கோட்டைவாசல்தான் எல்லை, அந்தப் பக்கம் கேரளா, இந்தப் பக்கம் தமிழ்நாடு, ராஜ்யமே வேறு. 1956 நவம்பர் முதல் தேதிக்கு முன்னால் என்றால் செங்கோட்டையும் அந்தப் பக்கக் கணக்கில்தான் இருந்தது, உங்கள் கூகைக்கு ஒரே ஆபீஸ் போதுமாயிருந்திருக்கும்!

முத்து, போன் எடுக்கவில்லை என்று கோபப்படாதீர்கள். வடகரை, மேக்கரைப் பக்கம் யானை இறங்கினால் இருக்கிற நாலு பேரும் பட்டாசோடு தோப்புக்குள் நிற்பார்கள். காலையில் நேரில் போய்ச் சொல்லுங்கள். இப்போதைக்கு எடுத்த நேரத்தையும் போன் செய்த நேரத்தையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

கால்நடை ஓய்வு
ஜூன் 9, இரவு 9.58

லாரிக்காரத் தம்பி, தண்ணீர் ஊற்றியதுதான் தவறு. பறவைக்கு மூச்சுக்குழல் வாசல் நாக்கின் அடியிலேயே திறந்திருக்கும். வாயைப் பிளந்து ஊற்றினால் நேராக நுரையீரலுக்குத்தான் போகும். அடிபட்ட பறவைக்கு முதலுதவி மூன்றே விஷயம்: இருட்டு, வெதுவெதுப்பு, அமைதி. காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டி, அடியில் துண்டு, மூடி. கேபினில் பாட்டை நிறுத்துங்கள். உங்களுக்கு அது பாட்டு, அதற்குத் தன்னைத் தின்ன வந்த மிருகத்தின் சத்தம். முயலும் மானும் காயத்தால் மட்டுமல்ல, பிடிபட்ட பயத்திலேயே சாவதும் உண்டு. தசை வெந்துபோகும், இதயம் நின்றுவிடும். தடவிக் கொடுத்தால் அமைதியாகிறது என்று நினைக்கிறோம், அது உறைந்துபோய் நிற்கிறது.

பள்ளிக்கூட டீச்சர்
ஜூன் 9, இரவு 10.05

கூகை என்றதும் என் பங்குக்கு ஒன்று. சித்திரை, வைகாசி வந்தால் என் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு குஞ்சோடு வருவார்கள். முதலில் பதறுவேன். இப்போது கேட்பது ஒரே கேள்வி: இறகு முளைத்திருக்கிறதா? முளைத்து, வால் குட்டையாக, தத்தித் தத்தி ஓடினால் அது பறக்கப் பழகுகிற குஞ்சு. அம்மாவும் அப்பாவும் பக்கத்து வேலியிலேயே இருப்பார்கள். எடுத்த இடத்தில் கொண்டுபோய் ஒரு புதரில் விடச் சொல்லிவிடுவேன். தோலாக இருந்தால் மட்டும்தான் கூட்டுக்குத் திரும்ப வைக்க வேண்டும். கூடே விழுந்துவிட்டால் கொட்டாங்கச்சியில் ஓட்டை போட்டு, தென்னை நார் வைத்து, அதே கிளையில் கட்டிவிடுவோம். நாலைந்து தடவை தாய் வந்து ஊட்டியதைப் பிள்ளைகளே பார்த்திருக்கிறார்கள்.

ஐப்பசியில் ஒருநாள் ஆபீஸ் ரூம் கண்ணாடியில் ஆறுமணிக் குருவி மோதி விழுந்தது. வடக்கேயிருந்து அத்தனை தூரம் பறந்து வந்து எங்கள் ஜன்னலில் முடிந்ததே என்று ஆகிவிட்டது. டாக்டர் ஐயா சொன்ன மாதிரியே சாக்பீஸ் பெட்டியில் இருட்டாக வைத்தோம். இரண்டு மணி நேரத்தில் உள்ளே படபடவென்று சத்தம். திறந்ததும் ஒரே பாய்ச்சலாக மாமரத்துக்குள் போய்விட்டது. பச்சை, நீலம், வயிற்றடியில் சிவப்பு. அன்று கணக்குப் பாடம் நடக்கவில்லை.

தோட்டத்து வீடு
ஜூன் 9, இரவு 10.20

எல்லாரும் திருப்பி வை, திருப்பி வை என்கிறீர்கள். தாய் செத்திருந்தால்? கரண்ட் கம்பியில் தாய்க்குரங்கு கருகிக் கிடக்க, குட்டி மாரைப் பிடித்துக்கொண்டு தொங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அதை எங்கே திருப்பி வைப்பது?

கால்நடை ஓய்வு
ஜூன் 9, இரவு 10.34

நல்ல கேள்வி. அப்படி இருந்தால் எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் வீட்டுக்கு இல்லை. ஒரு ராத்திரி சூடாக வைத்து, மறுநாள் வனத்துறையிடம் கொடுப்பதோடு நம் வேலை முடிகிறது. ஏன் என்றால், வளர்ப்பது சுலபம், திரும்ப விடுவதுதான் கஷ்டம். மனிதன் கையில் கண் திறந்த குஞ்சு மனிதனையே தன் இனம் என்று பதிந்துகொள்ளும். முதுமலை தெப்பக்காடு யானை முகாமில் பொம்மனும் பெள்ளியும் ரகு என்ற யானைக்குட்டியைப் பிள்ளை மாதிரி வளர்த்தார்கள், அவன் தாயும் மின்சாரத்தில்தான் செத்தது. உயிர் பிழைத்தான், ஆனால் அவன் இப்போது முகாம் யானை. அத்தனை அனுபவமுள்ளவர்கள் வளர்த்தே அந்த நிலை. நம் சமையலறையில் வளர்ந்த குரங்கு பெரிதானதும் கடிக்கும், பிறகு சங்கிலி, பிறகு கூண்டு.

உங்கள் மைனாவை இந்த வயதில் வெளியே விடச் சொல்லமாட்டேன், இரை தேடத் தெரியாமல் செத்துவிடும். ஆனால் ஒன்பது வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பது உங்களுக்கே தெரியும்.

புளியரை முத்து
ஜூன் 9, இரவு 11.15

பெட்டி வைத்தாயிற்று. பெரியது பாட்டில் மேல் வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டது. சின்னதற்கு வயிறு கொஞ்சம் கல் மாதிரி இருக்கிறது. மகள் அழுதுகொண்டே தூங்கிவிட்டாள். பையனுக்கு ஊசி போட்டாயிற்று, அடுத்தது 12ஆம் தேதி.

சமையலறை ஜன்னலில் இருட்டில் உட்கார்ந்து டைப் செய்கிறேன். போன் வெளிச்சத்தைத் துண்டால் மூடியிருக்கிறேன். சாரல் ஆரம்பித்துவிட்டது.

புளியரை முத்து
ஜூன் 10, அதிகாலை 4.20

வந்தாள்!!

மணி 3.10 இருக்கும். முதலில் வந்தது வாசனைதான். பாசுமதி அரிசி வேகிற மாதிரி ஒரு வாசம். இந்த நேரத்தில் யார் சோறு பொங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கைமரத்தில் ஒரு நிழல் இறங்கியது. நேராகப் பெட்டிக்கு வரவில்லை. அங்கே நின்று மூக்கைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். ஒருமுறை திரும்பிப் போய்விட்டாள், எனக்கு உயிரே போய்விட்டது. ஐந்து நிமிடம் கழித்துத் திரும்ப வந்து, பின்னங்காலால் ரீப்பரைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகப் பெட்டிக்குள் தலையை விட்டாள். உள்ளே கிச்கிச்சென்று ஒரு சத்தம். வெளியே வந்தபோது வாயில் பெரியது தொங்கியது, வாலைச் சுருட்டிக்கொண்டு. பலாவுக்குத் தாவியது மட்டும்தான் தெரியும், கிளை ஆடியது.

சின்னதற்காகக் காத்திருக்கிறேன்.

ஆரியங்காவு அக்கா
ஜூன் 10, காலை 6.05

தம்பி, எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. சின்னது?

புளியரை முத்து
ஜூன் 10, காலை 6.30

வரவில்லை அக்கா. நாலரைக்குப் பள்ளிவாசல் மைக் சத்தம், அப்புறம் பால்காரர் வண்டி. விடிந்துவிட்டது. சின்னதை உள்ளே எடுத்துவிட்டேன். மூச்சு வாங்குகிறது, மூக்கோரம் நுரை. தாய்க்கே தெரிந்திருக்குமோ?

கால்நடை ஓய்வு
ஜூன் 10, காலை 6.44

தெரிந்திருக்கலாம், நேரம் போதாமலும் போயிருக்கலாம். ஒவ்வொன்றாகத்தான் எடுப்பார்கள், அடுத்த ராத்திரி வருவதும் உண்டு. ஆனால் நுரை என்றால் நுரையீரல் கெட்டிருக்கிறது. ஆபீஸ் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம், நேரே பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். போகும் வழியில் குட்டியைக் குப்புறப் படுத்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயம், மனசில் போட்டுக்கொள்ளாமல் கேளுங்கள்: பால் புகட்டும்போது குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்தீர்களா?

புளியரை முத்து
ஜூன் 10, காலை 6.50

ஆமாம்.

கால்நடை ஓய்வு
ஜூன் 10, காலை 6.57

எல்லாரும் அப்படித்தான் பிடிக்கிறார்கள். நாலு கால் குட்டி வயிறு கீழே இருக்கத்தான் குடிக்கும், தாயிடம் அப்படித்தானே குடிக்கிறது. மல்லாத்தினால் நேராக மூச்சுக்குழலுக்குப் போய்விடும். அப்படிப் புகட்ட வேண்டி வந்தாலும் ஒரு மில்லி சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக, அது நக்குகிற வேகத்துக்கு. குடித்து முடித்ததும் வெந்நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றைத் துடைத்துவிட வேண்டும். இந்த வயதில் தாய் நக்கினால்தான் சிறுநீரே வரும். இதையெல்லாம் நேற்று மத்தியானம் உங்களுக்குச் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான். கிளம்புங்கள்.

புளியரை முத்து
ஜூன் 10, மதியம் 1.40

பதினொன்றே காலுக்குச் செத்துவிட்டது. ஊசி போட்டார்கள், ஆக்சிஜனும் வைத்துப் பார்த்தார்கள். ரேஞ்ச் ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்து எழுதி வாங்கிக்கொண்டு உடலை எடுத்துப் போனார்கள். திட்டவில்லை. ராத்திரி முழுக்க யானை விரட்டிய கண்ணோடு வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் தம் நம்பரை என் போனில் தாமே பதிந்து கொடுத்தார்.

மகள் வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டி வைத்திருந்தாள். அவளிடம் அரசாங்கச் சொத்து என்று எப்படிச் சொல்வது?

தோட்டத்து வீடு
ஜூன் 10, மதியம் 2.15

வருத்தமாக இருக்கிறது முத்து. நேற்று நான் சொன்னதைக் கேட்டிருந்தால் பெரியதும் போயிருக்கும். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஆரியங்காவு அக்கா
ஜூன் 10, மாலை 5.30

தம்பி, குழியில் ஒரு பப்பாளி விதை போடச் சொல்லுங்கள். மரப்பட்டிக்குப் பப்பாளி என்றால் உயிர்.

டாக்டர் ஐயா, என் பக்கத்திலும் ஒரு கேள்வி. புனலூர் வரைக்கும் இப்போது ரம்புட்டான் மரங்களுக்கு வலை போட்டு மூடுகிறார்கள். அதில் பழந்தின்னி வௌவால் சிக்கித் தொங்குகிறது. பார்க்கப் பாவமாக இருக்கிறது, ஆனால் நிபா பயத்தில் யாரும் கிட்டே போவதில்லை.

கால்நடை ஓய்வு
ஜூன் 10, இரவு 8.10

போகாமல் இருப்பதே நல்லது. 2018இல் கோழிக்கோட்டுப் பக்கம் 17 பேரைக் கொண்டுபோனது அந்தக் கிருமி. அது பழந்தின்னியிடம் இருப்பது உண்மை. வெறுங்கையால் தொடக் கூடாது, கடித்த பழத்தையும் தொடக் கூடாது. வனத்துறையைக் கூப்பிட்டு, அவர்கள் வரும்வரை தள்ளி நில்லுங்கள். ஆனால் அதற்காக வௌவாலை அடிப்பதும் மரத்தை வெட்டுவதும் அதைவிட ஆபத்து. கலைந்து புது இடங்களுக்குப் பரவும், பயத்தில் கிருமியை அதிகம் வெளியேற்றவும் செய்யும். தோட்டக்காரரிடம் வலையைத் தொளதொளவென்று விடாமல் இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். தொய்ந்த மெல்லிய நைலான் வலையில்தான் சிக்கும்.

செங்கோட்டை சாரல்
ஜூன் 10, இரவு 8.40

பாம்பு வந்தால் அந்தப் பக்கம் ஏதோ ஆப் இருக்கிறதாமே?

ஆரியங்காவு அக்கா
ஜூன் 10, இரவு 8.52

சர்ப்பா. கேரள வனத்துறையுடையது, 2020இலிருந்து இருக்கிறது. பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கியவர்கள்தான் பாம்பு பிடிக்கலாம். ஆப்பில் பார்த்தால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரியும். எங்கள் வீட்டுக்கு முக்கால் மணி நேரத்தில் வந்தார்கள். சாரைப்பாம்பு என்று பார்த்ததும், எலி பிடிக்கிறது, இருக்கட்டுமே என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

புளியரை முத்து
ஜூலை 8, இரவு 9.05

இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். நேற்றுப் பையனுக்கு 28ஆம் நாள் ஊசி முடிந்தது. நன்றாக இருக்கிறான், பாக்கி ஓட்டை எப்போது போடுவது என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.

சிக்கலே அதில்தான். முந்தாநாள் ராத்திரி பரணில் மறுபடி தடதடவென்று சத்தம். பக்கத்து வீட்டம்மா மதில்மேல் பெரியதும் சின்னதுமாக இரண்டு போவதைப் பார்த்தேன் என்கிறார், அவர் தோட்டத்தில் இரண்டு பப்பாளியும் காலி. தார்ப்பாய்க்கு வாடகை ஏறிக்கொண்டே போகிறது, சாரல் ஓயவில்லை, சமையலறையில் மூன்று இடத்தில் சட்டி வைத்திருக்கிறோம். அவர்கள் உள்ளே இருக்கும்போது அடைத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பழைய வாட்சர்
ஜூலை 8, இரவு 9.30

போய்வருகிற வழியில் கோலமாவு தூவுங்கள். இருட்டிய பிறகு வெளியே போகிற தடம் இருந்து, உள்ளே வருகிற தடம் இல்லாவிட்டால் அந்த நேரத்தில் அடைக்கலாம். இரண்டு மூன்று ராத்திரி பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மரநாய்த் தடத்தில் ஐந்து விரல் பதியும், பூனைக்கு நான்குதான்.

புளியரை முத்து
ஜூலை 11, காலை 6.15

முதல் நாள் வெளியே போனது ஒன்று, உள்ளே வந்தது ஒன்று. முந்தாநாள் மழை கோலமாவையெல்லாம் கரைத்துவிட்டது. நேற்று மகள் தானே ஏறித் தூவினாள், ஓரத்தில் ஒரு புள்ளிக்கோலமும் போட்டுவிட்டு. விடிந்து பார்த்தால் நான்கு விரல் தடம் மட்டும். பக்கத்து வீட்டுப் பூனை.

ஓடு போடுகிற பையனை வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வரச் சொல்லியிருக்கிறேன்.